நிய்யத்தும் ளமானும்

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் கரையில் கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் போன்ற மீனவர் சிற்றூர்களில் உவர்மண் தோட்டத்துக்கு எளிதில் இடங்கொடாது. மருதாணியோ மல்லிகையோ வேண்டுவோர் தொட்டியையே நாடுகின்றனர். அரிதாய் வளர்வதன்மீது அன்பும் பெரிது. மீன் கழுவிய நீர் ஒருநாள், செதிலும் குடலும் ஒருநாள், கடையில் வாங்கிய காம்ப்ளக்ஸ் உரம் ஒரு கைப்பிடி என அவ்வன்பு தொட்டிக்குள் இறங்குகிறது. பின்னர் இலை நுனி கருகுகிறது. மண்ணின்மேல் வெண்மையாக ஏடு படிகிறது. பசியினால் வாடுகிறது என்றெண்ணி மேலும் ஒரு பிடி இடப்படுகிறது.

நிகழ்வது என்னவென்று கருவாடு போடும் ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. மீனுக்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுக்கிறது. இரசாயன உரமும் பெரும்பாலும் உப்பு வகையே. அது மிகுந்துவிட்டால், மண் ஈரமாயிருந்தும் வேரால் நீரை உறிஞ்ச இயலாது. முகத்துவாரம் மணலால் அடைபட்ட கோடையில் ஏரியின் உப்பு ஏறி மீன்வளம் குன்றுவதையும் இவ்வூரார் கண்டவர்களே. நிலத்துச் செடியாயின் வேர் வேறு திசை தேடும். தொட்டிச் செடிக்கோ நாம் இட்டதே உலகம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கூறி இதனை முடித்துவிடலாம். வினா அதற்கப்பால் இருக்கிறது. நல்லெண்ணத்தால் விளைந்த கேட்டுக்கு யார் பொறுப்பு? ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியது. ஆதலால் ‘எண்ணம் நல்லதுதானே’ என்று ஆறுதல் கொள்வோர் பலர். நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இங்கே நுட்பமானதொரு பிரிவினையைச் செய்தார்கள். பிறர் பொருளைத் தவறுதலாக அழித்தவன்மீது பாவம் இல்லை. ஆயினும் ஈடு செய்யும் கடமை, அதாவது ளமான், அவனை விட்டு நீங்குவதில்லை. உறக்கத்தில் புரண்டு அடுத்தவர் பாண்டத்தை உடைத்தவனும் அதன் விலையைக் கொடுத்தேயாக வேண்டும். நம்முடைய சொந்தச் செடிக்கு எந்தக் காஜியும் ளமான் விதிக்கமாட்டார் என்பது உண்மையே. எனினும் அச்சட்டத்தின் உயிர் இங்கும் பொருந்தும் என்பதே நம் கருத்து. நிய்யத்தை அல்லாஹ் அறிவான். வேர் அறிவது உப்பை மட்டுமே. (அள்ளிக் கொடுத்துக் கெடுத்த மகனிடம் ‘எல்லாம் உன் நன்மைக்குத்தான்’ என்று வாதிடும் தந்தையரும் நம்மிடையே உண்டு.)

ஈடு செய்வது எவ்வாறு? மேலே படிந்த ஏட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல நீரை மெல்ல ஊற்றி அடித்துளை வழியே வடியவிட வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீர் இதற்குச் செல்லும். இங்கே மற்றொரு சங்கடம் தோன்றுகிறது. நல்ல தண்ணீரைக் குடத்தால் எண்ணும் கரை இது. உளூவிலேயே வீண்விரயம் வெறுக்கப்பட்டிருக்க, ஓர் இஸ்ராஃபை மற்றோர் இஸ்ராஃபால் கழுவுவதா? வடகிழக்குப் பருவமழைக் காலமாயின் தொட்டியைத் திறந்த முற்றத்தில் வைத்தாலே போதும். மழை அவ்வேலையைச் செய்துவிடும். கோடையாயின் செடியைப் பெயர்த்து, பழைய மண்ணை உதறி, அழுகிய வேரை நறுக்கி, உரமில்லாத செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து நட்டு நிழலில் வைப்பதே சிக்கனம். ஏரி மணல் உதவாது.

புதுத் துளிர் காணும்வரை உரத்தைத் தொடலாகாது. கொடுத்துப் பழகிய கைக்கு இதுவே கடினமான பகுதி. உதறிய மண்ணைத் தென்னையின் அடியில் பரப்பிவிடலாம். அம்மரம் அதனை உண்டு செரிக்கும்.