முதலில் அடை, பிறகு அறிவுரை

கர்மேல் மலையில் எலியா ஜெயித்த கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாக நின்றார். வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. பஞ்சம் தீர மழையும் கொட்டியது. அதற்கடுத்த அதிகாரத்தைத்தான் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். யேசபேல் அரசியின் ஒரே மிரட்டலில் அந்த மாவீரர் உயிர் தப்ப ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார்.

இன்று நம் சபையில் ஒருவர் இப்படிப் பேசினால் என்ன சொல்வோம்? "விசுவாசம் குறைஞ்சுபோச்சு." "நன்றி சொல்லிப் பழகுங்க." "மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபியுங்க."

தேவன் எலியாவை உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. தூங்கவிட்டார். தூதன் தொட்டு எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டவர் மறுபடி படுத்துக்கொண்டார். அதற்கும் கண்டிப்பு இல்லை; இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் தூதன். சொன்ன காரணமும் ஒன்றே: போக வேண்டிய தூரம் அதிகம். பிரசங்கமே இல்லாத ஊழியம் அது.

நாற்பது நாள் நடந்து ஓரேபின் கெபிக்கு வந்த பிறகுதான் பேச்சு தொடங்குகிறது. அதுவும் கேள்வியாக. எதற்காக இங்கே வந்தாய் என்று தேவன் விசாரிக்கிறார். எலியா தன் மனக்குறையைக் கொட்டுகிறார்: எல்லாரும் போய்விட்டார்கள், மிஞ்சியது நான் ஒருவன்தான். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, பிறகு மெல்லிய சத்தம் எல்லாம் கடந்தும் அதே கேள்விக்கு அதே பதிலைத்தான் சொல்கிறார். இரண்டு முறையும் தேவன் குறுக்கிடாமல் கேட்கிறார்.

இத்தனைக்கும் அந்தப் பதில் சரியல்ல. தீர்க்கதரிசிகள் நூறு பேரைக் கெபிகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதாக அரண்மனை விசாரிப்புக்காரர் ஒபதியா எலியாவிடமே சொல்லியிருந்தார். காது கேட்டது, சோர்ந்த மனம் அதைத் தொலைத்துவிட்டது. மனச்சோர்வின் குணமே இதுதான். உண்மை தெரியாமல் போவதில்லை. தெரிந்த உண்மை உதவாமல் போகிறது. அதனால்தான், பாகாலுக்கு முழங்கால் மடக்காத 7,000 பேர் மீதி இருக்கிறார்கள் என்ற திருத்தம் கடைசியில் வருகிறது. அதோடு வேலையும் வருகிறது, கூட நடக்க எலிசா என்ற துணையும் வருகிறது.

கெத்செமனேயில் இயேசுவும் தம் துயரத்தை மறைக்கவில்லை. சீஷர்களிடம் சொல்லி, அருகில் விழித்திருக்கக் கேட்டார். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. வேதம் அதை நீக்கிவிடவில்லை. அழுகை அவிசுவாசம் அல்ல. மண்ணினால் மனிதனை உருவாக்கியவருக்கு மண்ணின் களைப்பு தெரியும். ஆகவே தூக்கமும் உணவும் மருந்தும் விசுவாசத்துக்குப் போட்டியல்ல; அவையும் அவர் கையிலிருந்து வருகிறவையே.

உங்கள் சபையில் யாராவது சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்திருக்கலாம். வசனம் சொல்லுமுன் சாப்பாடு கொண்டுபோங்கள். அவர் ஒரே குறையை இரண்டு முறை சொன்னாலும் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஜெபமும் செய்யுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து.