பசியைக் கோழைத்தனம் என்று எண்ணாதே!

"எனக்கு அவ்வளவுதான் சார் ஸ்டாமினா." காவலர் உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஓடுவதற்கு முன் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய்? பெரும்பாலும் பதில் வராது.

தம்பி, தங்கையே, உனக்கு எதிராக நீயே எழுதிக்கொண்ட அந்தத் தீர்ப்பை இன்றே கிழித்துப் போடு! இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. விடியற்காலை ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு மைதானத்தில் இறங்குகிறாய். மூன்றாவது சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. அதுதான் உன் தகுதியின் எல்லை என்று யார் சொன்னது?

நீ தூங்கினாலும் உன் மூளை தூங்குவதில்லை. அதற்கு இரவு முழுக்கச் சர்க்கரை வேண்டும். அதைக் கொடுப்பது கல்லீரல். அங்கே இருக்கும் சேமிப்போ ஏறத்தாழ 100 கிராம்தான். விடிவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். தசைகளில் 400 கிராம் அளவுக்கு இருப்பு உண்டு. ஆனால் தசை அதைத் தனக்கென்றே வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குத் திருப்பித் தராது. அதனால்தான் காலில் வலு இருக்கும்போதே தலை சுற்றுகிறது. வெறும் வயிற்றில் மெதுவாக ஓடிப் பழகியவர்கள் உண்டு, அதில் குற்றமில்லை. நீ ஓடப்போவதோ முழு மூச்சைக் கொடுத்து!

1924-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தவர்கள் சிலரின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். வெளிறித் தள்ளாடி வந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு, ஓட்டத்துக்கு முந்தைய நாள் மாவுச்சத்து உணவை நிறையச் சாப்பிடச் சொன்னார்கள், ஓடும்போது மிட்டாய் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஓட்டக்காரர்களும் தெம்போடு முடித்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துபோன உண்மை இது. இன்னும் உன் கிராமத்து மைதானத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஓட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு "தெம்பு வேண்டும்" என்று பரோட்டாவும் சால்னாவும். எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை விட்டு இறங்க வெகுநேரம் பிடிக்கும். நீ ஓடத் தொடங்கியதும் ரத்தம் கால் தசைகளுக்குப் பாய்கிறது, வயிற்றுக்குப் போவது குறைகிறது. செரிக்காத உணவு அங்கேயே கிடக்கிறது. குமட்டல், விலாவில் பிடிப்பு, வாந்தி.

கணக்கு எளிது. வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று, நான்கு மணி நேரம் இடைவெளி கொடு. இட்லியோ, சோறோ, இடியாப்பமோ எதுவானாலும் எண்ணெய் குறைவாக இருக்கட்டும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறதா? ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம், அவ்வளவு போதும். 60 கிலோ எடை உள்ளவர் ஓட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பே 300 முதல் 400 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்டே இதைத் தொடங்க வேண்டும்.

தேர்வு நாளை நினைத்துப் பார். விடியற்காலையிலேயே வரச் சொல்வார்கள். சான்றிதழ், உயரம், மார்பளவு என்று வரிசை நகரும். வெயில் ஏறும். உன் முறை எப்போது வரும் என்று உனக்குத் தெரியாது. ஆண்களுக்கு 1500 மீட்டர், ஏழு நிமிடம். மாதக்கணக்கில் நீ சிந்திய வியர்வைக்கெல்லாம் அந்த ஏழு நிமிடத்தில்தான் பதில்! அதற்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்த உடம்போடு போய் நிற்பாயா? எழுந்ததும் சாப்பிடு. பையில் பழம் வைத்துக்கொள். காத்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னு. அன்றைக்கென்று புதிதாக எதையும் வாங்கிச் சாப்பிடாதே. நண்பன் நீட்டும் பானமும் வேண்டாம். கால் பழகுவது போலவே வயிறும் பழகும். பயிற்சி நாட்களில் எது ஒத்துக்கொண்டதோ அதுவே அன்றும் உன் உணவு.

தங்கையே, உன்னிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் சாப்பிடும் பழக்கத்தோடு நீ மைதானத்துக்கு வருகிறாய். ஓடிவிட்டு வந்து வீட்டு வேலையும் செய்கிறாய். "காலையில் எனக்கு முதலில் வேண்டும், நான் ஓடப் போகிறேன்" என்று வாய் திறந்து கேள். கூச்சப்படாதே. சீருடைக் கனவு காணத் துணிந்த உனக்கு இரண்டு இட்லி கேட்கத் துணிச்சல் வராதா? அது சலுகை இல்லை, உன் பங்கு!

நாளையே ஒரு நோட்டு எடு. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், எத்தனை நிமிடத்தில் ஓடினாய் என்று தினமும் மூன்று வரி எழுது. ஒரு மாதம் விடாமல் எழுது. அதற்குப் பிறகும் "என்னால் முடியாது" என்று உனக்குத் தோன்றினால், அந்த நோட்டோடு வந்து என்னிடம் சொல்.