வெளிச்சத்துக்கு யார் விலை கொடுப்பது?

கொலன்னாவையில் வாழ்பவனுக்கு எரிபொருள் என்பது பாடப்புத்தகத்துச் சொல் அன்று. நாட்டின் பெரும் பெற்றோலியக் களஞ்சியம் இங்கேதான் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து எண்ணெயைக் கொண்டுவரும் குழாய்கள் ஏழைகளின் குடியிருப்புகளை ஊடறுத்து வருகின்றன. 1995 ஒக்டோபரில் இங்குள்ள தாங்கிகள் தாக்குதலுக்குள்ளாகித் தீப்பற்றி எரிந்ததை முதியோர் இன்னும் மறக்கவில்லை. 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகி இதே ஊரை மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலோடு வெள்ளம் மீண்டும் வந்தது. உலகம் எண்ணெயையும் நிலக்கரியையும் எரிக்க எரிக்க வானம் சூடேறுகிறது. பெருமழை மேலும் கடுமையாகிறது. எண்ணெய்த் தாங்கியின் அருகே நெருப்புக்கு அஞ்சியும் ஆற்றின் கரையில் நீருக்கு அஞ்சியும் வாழ்பவன் ஒருவனே.

ஆகவே காற்றையும் கதிரவனையும் நாடிச் செல்லும் மாற்றம் வேண்டுமா என்று நாம் வாதிடப்போவதில்லை. அது வேண்டும், விரைவாகவும் வேண்டும். நம் வினா வேறு. நோக்கம் நல்லது என்பதற்காக, அதன் சுமையை யார் தலையிலும் ஏற்றிவிடலாமா?

இவ்வழியில் நமக்கு முன்னே நடக்கும் ஐரோப்பாவை முதலிற் பார்ப்போம். பிரான்சில் புவியைக் காப்பதற்கென எரிபொருள் வரியை உயர்த்த அரசு முனைந்தது. பஸ் வசதியற்ற சிற்றூர்களிலிருந்து சொந்தக் காரில் வேலைக்குச் செல்லும் எளிய மக்கள் 2018 நவம்பரில் மஞ்சள் மேலங்கி அணிந்து வீதிகளை மறித்தனர். அடுத்த மாதமே அரசு அவ்வரி உயர்வைக் கைவிட்டது. நோர்வேயின் ஃபோசன் பகுதியில், கலைமான் மேய்த்து வாழும் சாமி மக்களின் மேய்ச்சல் நிலத்திற் காற்றாடிகள் எழுந்தன. அவர்களுடைய உரிமை மீறப்பட்டதென்று அந்நாட்டின் உயர்நீதிமன்றம் 2021 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் பின்னரும் காற்றாடிகள் நிற்கவில்லை. 2023 பெப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சின் வாயிலில் அமர்ந்து போராட நேர்ந்தது. செல்வமும் சட்டமும் நிறைந்த நாடுகளிலேயே நிலைமை இதுவென்றால், நம் நாட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

மலையகத்து நீர் 1950இல் லக்சபானாவில் மின்சாரமாயிற்று. கொழும்பு ஒளி பெற்றது. ஆனால் அம்மலைகளிற் கொழுந்து பறித்தவர்களின் லயன் அறைகளில் அதன் பின்னரும் பல்லாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் உருவானபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது, மூழ்கிய கோயில் இன்றும் தலைகாட்டுகிறது. அந்நீர் மின்சாரம் புகை கக்காத மின்சாரமே. ஆயினும் அது நீதியான மின்சாரமாய் இருந்ததா?

இன்று அதே வினா மன்னாரில் எழுந்து நிற்கிறது. ‘தம்பபவனி’ என்னும் பெயரில் 30 காற்றாடிகள் அங்கே 2020 டிசம்பரில் தொடக்கி வைக்கப்பட்டன. மேலும் பல திட்டங்கள் தொடர்ந்தன. அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகிக்கொண்ட போதிலும் ஏனையவை நிற்கவில்லை. தாழ்ந்த அத்தீவில் மழைநீர் வடியும் வழி அடைபடுகிறதென்றும் கரைக்கடலில் மீன்பாடு குன்றுகிறதென்றும் மக்கள் முறையிட்டனர். 2025 ஆகஸ்டில் அவர்கள் வீதியில் இறங்கிப் போராடிய பின்னரே வேலைகள் ஒரு மாதம் நிறுத்தப்பட்டன. செப்டெம்பரில் காற்றாடிப் பாகங்கள் பொலிஸ் காவலோடு மீண்டும் தீவுக்குள் நுழைந்தன.

“நாடு முழுவதற்கும் நன்மை விளையும்போது ஒரு தீவின் மக்கள் தியாகம் செய்யலாகாதா?” என்று கேட்போர் உளர். தியாகம் என்பது ஒருவன் தானே முன்வந்து கொடுப்பது. கேளாமலே பிறனிடமிருந்து பறிப்பதற்குப் பலி என்று பெயர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாரி வழங்குவது கொடையாகாது!

சுமையைச் சுமத்தும் மற்றொரு வழி விலைப்பட்டியல். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. மிகக் குறைந்த அலகுகளைப் பாவிப்போருக்கோ உயர்வு வீதம் அதனினும் மிகப் பெரிது. அதே மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கடற்றொழிலாளியின் படகும் தோட்டத் தொழிலாளியின் அடுப்பும் ஒருங்கே தவித்தன. மறுபுறம், சொந்தக் கூரையும் கையில் முதலும் உள்ளவர் சூரியத் தகடு பொருத்தி மின்சாரத்தை விற்கிறார். வாடகை அறையில் வாழ்பவனுக்கு அந்த வழி இல்லை. சூரியன் எல்லோருக்கும் பொது, கூரை பொதுவன்று.

“ஒவ்வோர் ஊரும் மறுத்தால் எந்த வேலைதான் நடக்கும்? தாமதத்தால் வெள்ளத்தில் மூழ்குவோரும் ஏழைகளே அல்லவா?” என்னும் மறுப்பில் உண்மை உண்டு, கொலன்னாவை மக்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆயின் மக்களைக் கேட்பது என்பது தனியொருவரின் மறுப்புக்காக நாட்டை நிறுத்தி வைப்பதன்று. திட்டம் வரையுமுன் கேட்பது. ஆய்வின் முடிவுகளை அவர்தம் மொழியில் முன்வைப்பது. கேடு நிகழ்ந்தால் ஈடு செய்வது. பயனிற் பங்கு தருவது. டென்மார்க்கில் 2009 முதல் 2020 வரை, புதிய காற்றாலையின் 20 வீதப் பங்குகளையேனும் அயலிலுள்ளோர் வாங்க முன்வைக்க வேண்டுமென்று சட்டம் இருந்தது. அங்கு இயன்றதை இங்கும் முயலலாம்.

உண்மையில் மக்களைக் கேளாத வழியே நெடுவழி. பிரான்சின் வரி வீழ்ந்ததும் மன்னாரின் வேலை நின்றதும் மக்கள் அறிவிலிகள் என்பதாலன்று. அவர்களை அறிவிலிகளாய் நடத்தியதாலேயே. புகையற்ற மின்சாரம் நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்ல வேண்டிய செல்வம். அச்செல்வத்தில் மஸ்கெலியாவின் கண்ணீர் முன்பே கலந்துவிட்டது. மன்னாரின் கண்ணீரும் கலவாமற் காப்பது, மாலையில் விளக்கின் விசையை அழுத்தும் நம் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.