மறைவில் சுமக்கும் வலிமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ரிவால்வரை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல விரும்புவோர், அதன் காலிபர் எவ்வளவு இருக்கவேண்டும் என்று நெடிது ஆராய்கின்றனர். வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்துவதும் குடிமக்களின் உரிமையே என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. சட்டம் உரிமை தந்த பின்னும் மனச்சான்றுக்கு ஒரு வினா எஞ்சுகிறது.

தற்காப்பை ஏற்கும் புனித தோமா அக்குவினார், தேவைக்கு மிஞ்சிய வன்முறையை ஏற்பதில்லை. ஆயின் கடையில் நிற்பவருக்கு எதிரே தாக்குபவன் எவனுமில்லை. அச்சம் வரைந்த உருவமே உண்டு. அவ்வுருவம் என்றும் ஆறடிக்கு மேல்தான்! எனவே 44 காலிபரே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் பருமனுள்ள அதன் குண்டு, ஒரே வெடியில் எவனையும் தடுத்து நிறுத்திவிடும் என்பர். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ள இயலாது. தடுப்பதே நோக்கமெனில் அதில் கொலைவெறி இல்லை.

ஆனால் மறைப்பதற்கென்றே துப்பாக்கியைச் சிறிதாகவும் இலேசாகவும் செய்யும்போது, வெடியின் பின்னுதைப்பு கையை உலுக்கிவிடுகிறது. அடுத்த குண்டு குறிதவறுவது எளிது. தவறிய குண்டு மெல்லிய சுவரைத் துளைத்து, அப்பால் உறங்கும் குழந்தையைத் தாக்கவும் கூடும். தேவையின் அளவை எண்ணும்போது அக்குழந்தையையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்பது நம் கருத்து.

38 காலிபரை நிதானமாகக் கையாளத் தெரிந்தவர் 44-ஐ நாடுவது எதற்காக? நெஞ்சின் ஆறுதலுக்காக எனில், அதன் ஆபத்தைத் தெருவில் உடன் நடக்கும் அயலாரும் சுமக்கின்றனர். அவர்களுக்கோ, அருகில் துப்பாக்கி இருப்பதே தெரியாது.