எண்ணப்படாத சாட்சி

அமெச்சூர் கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் கூட வருவதில்லை. தன் தப்பை ஆடுகிறவரே சொல்லியாக வேண்டும். அமெச்சூராகவே ஆடிய பாபி ஜோன்ஸ், 1925 அமெரிக்க ஓப்பனில், அதிகாரிகள் கண்ணில் படாத ஓர் அசைவைத் தானே சொல்லி, கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். ஆட்டம் சமநிலை, மறு ஆட்டத்தில் தோல்வி. இதைப் புகழ்கிறவர்கள் அதிகம். கேஷ் கவுண்டரில் கணக்கு நேரானதற்காக எங்களை யாரும் புகழ்வதில்லை.

எங்கள் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ராமானுஜர் குருவுக்குத் தந்த வாக்கை மீறியதாக ஐதீகம். அவருக்கு ஊரே சாட்சி. பாவம் தனக்கு, மந்திரம் மற்றவர்க்கு. கோல்ஃப்காரரின் நேர்மைக்கோ சாட்சி இல்லாததே பெருமை.

உண்மையில் இல்லையா? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பையைச் சுமந்துகொண்டு கேடி கூடவே நடக்கிறார். (இந்தச் சொல்லுக்குத் தமிழில் போலீஸ் தந்த அர்த்தம் வேறு.) பந்து எங்கே விழுந்தது என்று அவரைத்தான் கேட்கிறார்கள். பிறகு கிளப்பில் உட்கார்ந்து, 'ஒருத்தரும் பார்க்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்' என்கிறார்கள். ஓர் ஆளை ஆளாக எண்ணாததால் கிடைக்கிற தனிமை இது. அவருக்கு ஆட்டம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார்.