பெயரில்லாத அம்பு

1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஹோவ்லாண்டும் வால்டர் வைஸும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்ட முடியுமா என்பது பற்றிய ஒரே கட்டுரையை மாணவர்களிடம் கொடுத்திருந்தார்கள். சிலருடைய தாளில் அது விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் சொன்னதாக இருந்தது. மற்றவர்கள் தாளில் சோவியத் நாளேடு பிராவ்தா சொன்னதாக இருந்தது. ஓப்பன்ஹைமர் பெயரைப் பார்த்தவர்களே கூடுதலாக நம்பினார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வேறுபாடு கரைந்திருந்தது. யார் சொன்னது என்பது பின்னுக்குப் போய், சொன்ன விஷயம் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

1955இல் சமூகவியலாளர்கள் காட்ஸ், லாசர்ஸ்ஃபெல்ட் இருவரும் இன்னொன்றைச் சொன்னார்கள். வானொலியும் பத்திரிகையும் நேராக மக்கள் மனதை மாற்றுவது குறைவு; தங்களுக்குள் மதிக்கப்படும் ஒருவர் வழியாகத்தான் கருத்து பெரும்பாலும் பரவுகிறது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால், வேற்று நாட்டாரின் மனதைத் தன் பக்கம் இழுக்க நினைக்கும் அரசு என்ன செய்யும் என்பது விளங்கிவிடும். அங்கே மதிப்புள்ள எழுத்தாளர்களைத் தேடும். தன் பெயரை மறைக்கும். 1950இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய ‘பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ்’ என்ற அமைப்பு அப்படித்தான் இயங்கியது. லண்டனில் ‘என்கவுண்டர்’, பம்பாயில் ‘க்வெஸ்ட்’ எனப் பல நாடுகளில் அதன் ஆதரவில் இதழ்கள் வந்தன. அறக்கட்டளைகள் வழியாகப் பணம் கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. என்பது 1966, 67இல் அம்பலமானது.

அந்த இதழ்களில் வந்தவை பொய்கள் அல்ல. பல கட்டுரைகள் இன்றும் படிக்கத் தக்கவை. 1962இல் இதே காங்கிரஸின் செலவில் கம்பாலாவில் கூடிய ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டில்தான், அப்போது மாணவராக இருந்த கென்ய எழுத்தாளர் கூகி தம் நாவலின் கையெழுத்துப் பிரதியை நைஜீரிய நாவலாசிரியர் அச்செபேயிடம் கொடுத்தார். நல்லது நடந்திருக்கும்போது பணம் வந்த வழியை ஏன் கிளற வேண்டும்? மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. எதிர்த்தரப்பில் சோவியத் அரசும் மறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தது. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்து அமெரிக்க நாடாளுமன்றம் இடதுசாரி எழுத்தாளர்களுக்கு வெளிப்படையாக ஒரு டாலர்கூட ஒதுக்கியிருக்காது. மறைக்காவிட்டால் எதுவுமே நடந்திருக்காது என்ற வாதத்துக்குக் கனம் இருக்கிறது.

ஆனாலும் அது தவறுதான். ஒரு பேச்சை எடைபோட, பேசுபவர் யார், அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்பது கேட்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதை மறைத்தால், சொன்னது உண்மையாகவே இருந்தாலும் கேட்பவரின் தராசு பறிக்கப்படுகிறது. கம்பனின் வாலிக்கு மறைவிலிருந்துதான் அம்பு வந்தது. ஆனால் அதில் இராமனின் பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் படித்துவிட்டு அவனால் எய்தவனிடமே நியாயம் கேட்க முடிந்தது. என்கவுண்டரின் வாசகர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் அந்த வாய்ப்பு இல்லை. நாடாளுமன்றம் சம்மதிக்காது என்ற வாதமோ, சொந்த நாட்டு மக்களும் ஏமாற்றப்பட்டார்கள் என்பதற்கான ஒப்புதல்.

மறைத்தவர்களைவிட அதிக விலை கொடுத்தவர்கள், மறைத்தது தெரியாதவர்கள். 1961இல் கம்பாலாவில் ‘டிரான்சிஷன்’ இதழைத் தொடங்கிய ரஜத் நியோகி காங்கிரஸின் உதவியை நம்பிப் பெற்றவர். உண்மை வெளியானபின் அவருடைய சுதந்திரக் குரல்மீதே சந்தேகம் விழுந்தது. 1968இல் உகாண்டாவின் மில்டன் ஒபோட்டே அரசு அவரைச் சிறையில் அடைத்தபோது, அந்நியக் கைக்கூலி என்ற பழியும் கூடவே நின்றது. இந்த அநியாயத்தை எந்த நல்ல மாநாட்டைக் காட்டியும் ஈடுகட்ட முடியாது.

அப்படியானால் பெயரைச் சொல்லிவிட்டு வருவது போதுமா? 1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் தடுக்கப்பட்டபோது, ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தம் அரசைக் கடுமையாகச் சாடி, அரசு ஏற்பாடு செய்யவிருந்த சோவியத் பயணத்தை மறுத்தார். மறுக்கத் தெரிந்தவர் என்பதாலேயே, 1960இல் வெளியுறவுத் துறையின் ஆதரவோடு ஆப்பிரிக்கா சென்றபோது அவருடைய வருகைக்கு மதிப்பு கூடியது. காங்கோவின் லியோபோல்ட்வில்லில் அவரை இருக்கையில் அமர்த்தித் தூக்கிச் சென்றார்கள். ஒளிவுமறைவில்லாத தூது அது. ஆனால் அதே மாதங்களில் காங்கோவின் பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த லுமும்பாவைக் கொல்ல சி.ஐ.ஏ. திட்டமிட்டதை 1975இல் அமெரிக்க செனட்டின் சர்ச் குழு வெளிக்கொணர்ந்தது. டிரம்பெட் இசையைக் கேட்டு மகிழ்ந்த அந்த மக்களுக்கு, அனுப்பிய அரசின் பெயர் தெரிந்திருந்தது. அது தங்கள் நாட்டில் வேறு என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியவில்லை.