நிகரானவர் கையில் தராசு

ஓர் அறிஞரின் ஆய்வை அவருக்கு நிகரான அறிவுடையவரே அளக்க முடியும். ஆனால், நிகரானவரே அவருக்குப் போட்டியாளருமாவார். இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே நீதி எங்ஙனம் நிலைபெறும்? மருத்துவ ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தைப் பகிர்ந்தளித்த வரலாற்றில் இவ்வினா மீண்டும் மீண்டும் எழக் காண்கிறோம்.

1937இல் அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் தோன்றியபோதே, விண்ணப்பங்களை ஆராய்ந்து பரிந்துரைக்கும் ஆலோசனை மன்றமும் உடன் தோன்றிற்று. அன்று தொகை சிறிது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், போர்க்கால மருத்துவ ஆராய்ச்சி ஒப்பந்தங்கள் அந்நாட்டுத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் பொறுப்பில் வந்தன. 1946இல் துறைதோறும் ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. அவற்றில் அமர்ந்தோர் பெரும்பாலும் அரசு அலுவலர் அல்லர், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். குழு அறிவியல் தகுதியை எடைபோடும். அதன்மேல் மன்றம் நாட்டின் தேவையையும் கருதிப் பரிந்துரைக்கும். 1947இல் 40 இலட்சம் டாலரைச் சற்றே தாண்டியிருந்த உதவித்தொகை 1957இல் 10 கோடியைத் தாண்டிற்று. இத்துணைப் பெருஞ்செல்வம் அரசியல்வாதியின் சிபாரிசுக்கு இரையாகாமல் காத்தது இவ்வேற்பாடே. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் தராசு பிடித்த கைகள் மனிதக் கைகளே. சுவீடனில் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1995இல் 20 பேருக்கு உதவி வழங்கியது. விண்ணப்பித்த 114 பேரில் பெண்கள் 52 பேர். பெற்றவர்களிலோ நால்வரே பெண்கள். கிறிஸ்டீன் வென்னரோஸ், அக்னெஸ் வோல்ட் என்னும் பெண் அறிஞர் இருவர் மதிப்பெண் ஏடுகளைக் கேட்டனர். மன்றம் மறுத்தது. நீதிமன்றமோ, அவை பொது ஆவணங்களே என்று தீர்ப்பளித்தது. ஏடுகளை ஆராய்ந்து 1997இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகைத் திடுக்கிட வைத்தது: சராசரி ஆணுக்கு இணையான மதிப்பெண் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது! மதிப்பிட்டவருள் ஒருவரோடு தொடர்புடையவர்க்கும் சலுகை கிட்டியிருந்தது. பெண்ணுரிமையில் முன்னணி என்று பெயர்பெற்ற நாட்டிலேயே இந்நிலை. அமெரிக்காவிலும், கறுப்பின ஆராய்ச்சியாளர் உதவி பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிடப் பத்து விழுக்காட்டுப் புள்ளியளவு குறைந்திருந்ததை 2011இல் ஓர் ஆய்வு காட்டிற்று.

இவர்களெல்லாம் வேண்டுமென்றே அநீதி இழைத்தார்கள் என்று நாம் எண்ணவில்லை. தம் நெஞ்சின் சாய்வு தமக்கே தெரியாதிருப்பதுதான் அச்சந்தரும் செய்தி. நம் ஹதீஸ் கலை முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். அறிவிப்பாளரைக் குறையும் நிறையும் சொல்லி எடைபோட்ட அப்பெருமக்கள், சமகாலத்தவர் ஒருவர்மீது ஒருவர் கூறும் குறையை எளிதில் ஏற்றதில்லை. பொறாமையும் கொள்கைப் பிணக்கும் அதனுள் ஒளிந்திருக்கலாம் என்று இமாம் தஹபீ (ரஹ்) எச்சரித்துள்ளார்கள். காரணம் விளக்காத குறையைப் பலர் ஏற்க மறுத்தனர். குறை கூறியவரின் பெயரும் குறையோடு சேர்ந்தே ஏட்டில் ஏறிற்று. இன்றைய ஆய்வுக் குழுவிலோ, இன்ன விண்ணப்பத்துக்கு இன்னார் இன்ன மதிப்பெண் இட்டார் என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரிவதில்லை. அஞ்சாமல் பேச அம்மறைவு உதவும் என்பர். உண்மையே. ஆனால் பகைக்கும் அதுவே போர்வை. தீர்ப்பு ஓர் அமானிதம் எனில், அதை ஏற்றவர் பெயரை நெடுங்காலத்துக்குப் பின்னரேனும் வெளியிடுவதே முறை என்பது நம் கருத்து.

இன்னொரு வழியையும் சிலர் மேற்கொண்டனர். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013இல் ஒருவகை உதவிக்கு, தகுதி கண்ட விண்ணப்பங்களிடையே சீட்டுக் குலுக்கும் முறையைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிறுவனம், எல்லைக்கோட்டில் சமமாக நிற்போர்க்கு 2021 முதல் அவ்வாறே செய்தது. இது சூதல்லவா என்று நம்மவர் சிலர் முகம் சுளிக்கலாம். பொருளைப் பணயம் வைப்பது சூது. சம உரிமையுடையோரிடையே சீட்டெடுப்பது வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, உடன்வரும் துணைவியார் யார் என்பதைச் சீட்டெடுத்தே முடிவு செய்தார்கள். எவர் மனமும் புண்படாத வழி அது. இரு விண்ணப்பங்களுள் எது சிறந்ததென்று உண்மையில் தெரியாதபோது, தெரிந்ததுபோல் மதிப்பெண் இடுவதைவிடச் சீட்டெடுப்பது நேர்மையானது. நியூசிலாந்தில் விண்ணப்பித்தோரைக் கேட்டபோது பெரும்பாலோர் இம்முறையை ஆதரித்தனர். சீட்டு விழாதவர்களிடையே மட்டும் ஆதரவு குறைந்திருந்தது.